பழைய மெஷினைக் கழிக்கும் முன் ஆர்மேச்சரைப் பாருங்கள்

என்னிடம் இருக்கும் 100 மி.மீ. ஆங்கிள் கிரைண்டர், ஒருநாள் கம்பி அறுத்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டால் ஓசையே இல்லை. உடம்பில் லேசாகத் தட்டினால் ஓடும். நாலு வெட்டு வெட்டியதும் மறுபடி நிற்கும். எட்டு வருஷம் உழைத்த மெஷின், போதும், புதுசு வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எதற்கும் ஒரு தடவை பார்க்கலாம் என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றினேன். சுற்றும் மோட்டாருக்கு உரசி மின்சாரம் கொடுக்கும் இரண்டு கார்பன் பிரஷ்களில் ஒரு பக்கத்தது நாலு மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தது. மறுபக்கத்துப் பிரஷ் நீளமாகத்தான் இருந்தது. ஆனால் இரும்புத் தூள் ஏறி, கூட்டுக்குள் இறுகிக்கொண்டு, ஸ்பிரிங் தள்ளியும் நகராமல் நின்றிருந்தது. தட்டும்போது மட்டும் கொஞ்சம் அசைந்து உள்ளே தொட்டிருக்கிறது. கூட்டைத் துடைத்துப் புது ஜோடி போட்டேன். அரை மணி நேர வேலை. மெஷின் இன்றும் ஓடுகிறது.

இதற்கு நேர்மாறான தவறையும் செய்திருக்கிறேன். ஒரு டிரில் மெஷினுக்கு மூன்று முறை பிரஷ் மாற்றினேன். ஒவ்வொரு ஜோடியும் சில வாரங்களில் கரைந்துபோனது. கெட்டிருந்தது பிரஷ் இல்லை, மோட்டாருக்குள் சுற்றும் பாகமான ஆர்மேச்சர். அது பிரஷ்ஷைத் தின்றுகொண்டிருந்தது. முதல் நாளே உள்ளே சரியாகப் பார்த்திருந்தால் மூன்று ஜோடிக் காசும் நேரமும் மிஞ்சியிருக்கும்.

பழுது பார்ப்பதா, புதுசு வாங்குவதா என்ற கேள்விக்கு மெஷினின் வயதை வைத்தும், அது போடும் சத்தத்தை வைத்தும் முடிவெடுக்கிறோம். இரண்டுமே சரியான அளவுகோல் இல்லை. எந்தப் பாகம் போயிருக்கிறது, அது ஏன் போனது என்ற இரண்டும் தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். நான் வைத்திருக்கும் எல்லைக்கோடு ஆர்மேச்சர். அது நன்றாக இருந்தால் பெரும்பாலும் பழுது பார்ப்பதே லாபம். அது போய்விட்டால்தான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

தேய்வதற்கென்றே செய்த பாகங்கள்

ஒயர் போட்டு ஓட்டும் கைமெஷின்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான். சுற்றும் ஆர்மேச்சர், அதைச் சுற்றி நிற்கும் ஃபீல்டு காயில், ஆர்மேச்சரின் முனையில் இருக்கும் செம்புப் பட்டைகளான கம்யூட்டேட்டர், அதன் மேல் உரசி மின்சாரம் கொடுக்கும் இரண்டு கார்பன் பிரஷ், இரு முனையிலும் பேரிங், முன்னால் கியர், பின்னால் சுவிட்ச். இவற்றில் பிரஷ் தேயத்தான் வேண்டும். செம்பு தேயாமல் இருக்க, தான் தேய்ந்துகொடுக்கிற பாகம் அது. பிரஷ் தேய்ந்ததற்காக மெஷினை மாற்றுவது, டயர் தேய்ந்ததற்காக வண்டியை விற்பது போல.

பிரஷ் ஐந்தாறு மில்லிமீட்டருக்குக் குறைந்தாலே மாற்றிவிடுங்கள். சிலவற்றின் பக்கத்தில் எல்லைக்கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வரைதான் கணக்கு. சில பிரஷ்களில் உள்ளே ஒரு சின்ன முளை இருக்கும். பிரஷ் தேய்ந்ததும் அது வெளியே தள்ளி மின்தொடர்பைத் துண்டித்துவிடும். மெஷின் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் திடீரென்று செத்ததுபோல நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பிரஷ்ஷின் மேல் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லி வாங்குவது நல்லது. அளவு மட்டும் ஒத்துப்போனால் போதாது. கார்பனின் கடினம் கூடிவிட்டால் அது கம்யூட்டேட்டரைச் சுரண்டும். அவசரத்துக்குப் பெரிய பிரஷ்ஷை உப்புத்தாளில் தேய்த்துச் சின்னதாக்கிப் போடுகிறவர்கள் உண்டு. நாலு பக்கமும் சமமாகத் தேய்த்து, கூட்டுக்குள் தடையில்லாமல் சறுக்கினால் அது ஓடும். சின்னப் பிரஷ்ஷைப் பெரிய கூட்டில் போடுவது மட்டும் கூடவே கூடாது. ஆடும், பொறி பறக்கும், செம்பைக் கெடுக்கும்.

புது பிரஷ் போட்டதும் நேராக வேலைக்குப் போகாமல், பத்துப் பதினைந்து நிமிஷம் சுமையில்லாமல் ஓட விடுங்கள். பிரஷ்ஷின் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் பொருந்தி உட்கார வேண்டும். முதலில் கொஞ்சம் பொறி தெரியும், அப்புறம் அடங்கிவிடும்.

பேரிங் விஷயம் இன்னும் நல்லது, ஏனென்றால் அதன் அளவு பிராண்டைப் பொறுத்து மாறாது. பேரிங்கின் ஓரத்தில் 608 என்று இருந்தால் உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22, தடிமன் 7; எந்தக் கம்பெனி மெஷினானாலும், எந்த ஊரில் வாங்கினாலும் அதே அளவுதான். 6000 என்றால் 10, 26, 8. அதே எண்ணில் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதைக் கேட்டு வாங்கினால் தூசிக்கு இரும்பு மூடியைவிட நன்றாகத் தாங்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுழலும் தண்டைக் கையால் பிடித்து மெல்லச் சுற்றிப் பாருங்கள். மணல் கடிக்கிற மாதிரி விரலுக்குத் தெரிந்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. இதைத் தள்ளிப்போடக் கூடாது. பேரிங் முழுக்கத் தளர்ந்துவிட்டால் ஆர்மேச்சர் சாய்ந்து ஃபீல்டு காயிலின் இரும்பில் உரசும். பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய சின்னச் செலவு, ஒரே நாளில் மோட்டார் செலவாகிவிடும். என்னைக் கேட்டால், மெஷின் உலகத்தில் சரியான நேரத்தில் செய்த பேரிங் மாற்றத்தைவிட லாபமான பழுது வேறு எதுவும் இல்லை. போடும்போது ஒரு கவனம்: தண்டில் ஏற்றுகையில் உள்வளையத்தைத்தான் அழுத்த வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியலால் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய்ப் புது பேரிங்கிலேயே பள்ளம் விழும்.

ஒயர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் அறும், கைப்பிடிக்குள் நுழைகிற அந்த இரண்டு அங்குலத்தில். மெஷின் விட்டுவிட்டு ஓடுகிறது, ஒயரை ஒரு பக்கம் வளைத்தால் ஓடுகிறது என்றால் வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம். ஒரு சாண் வெட்டிவிட்டு மறுபடி இணைத்தால் முடிந்தது. ரப்பர் கழுத்தையும் ஒயரைக் கவ்வும் கிளாம்பையும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். ஒயர் இழுபடும்போது பாரம் இணைப்பில் விழாமல் அந்தக் கிளாம்பில்தான் விழ வேண்டும். மேலே டேப் சுற்றி ஓட்டுவது பழுது பார்ப்பது ஆகாது.

சுவிட்சும் சுலபம்தான், கழற்றுவதற்கு முன் ஒயர்கள் எங்கெங்கே போகின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால். டிரில்லில் விசையை லேசாக அழுத்தினாலும் முழு வேகத்தில்தான் ஓடுகிறது என்றால் மோட்டாரில் குற்றமில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்சுக்குள் இருக்கும் ட்ரையாக் என்ற எலெக்ட்ரானிக் பாகம் போயிருக்கிறது. அந்தச் சுவிட்சையே மாற்ற வேண்டும்.

கான்கிரீட்டை அடித்துக்கொண்டே துளைக்கும் ரோட்டரி ஹாமர் சுற்றுகிறது, ஆனால் அடிக்கவில்லை என்று சொல்லி எத்தனையோ பேர் புதுசு வாங்குகிறார்கள். உள்ளே பிஸ்டனுக்கும் அடிக்கும் கட்டைக்கும் நடுவே அடைபட்ட காற்றுதான் அடியைக் கடத்துகிறது. அந்தக் காற்றை ஓடவிடாமல் பிடிப்பவை சில ரப்பர் வளையங்கள். அவை தேய்ந்தால் காற்று கசியும், அடி நிற்கும். வளையத்தின் விலை அற்பம். ஆனால் உள்ளே போய்வருவது அற்பமில்லை. எந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைத் தவறவிட்டால் திரும்பப் பூட்ட முடியாது. பிரஷ், ஒயர், சுவிட்ச் ஆகியவற்றை நாமே செய்யலாம். ஹாமரைப் பழகிய கையிடம் கொடுப்பதுதான் நல்லது. கூலி கொடுத்தாலும் புதுசின் விலைக்குப் பக்கத்தில் வராது.

ஆர்மேச்சரில் பாதை பிரிகிறது

ஓடும்போது பிரஷ் ஓரத்தில் சின்னதாக நீலப் பொறி தெரிவது இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாகப் பொறி ஓடினால் ஆர்மேச்சருக்கு நோய் வந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் கண்ணுக்கே சிலது தெரியும். ஆரோக்கியமான கம்யூட்டேட்டர் சாக்லேட் நிறத்தில் சமமாக இருக்கும். ஒரு பட்டையோ இரண்டோ மட்டும் கருகியிருந்தாலும், ஒரு பட்டை மேலே தூக்கியிருந்தாலும், கம்பிச் சுற்றுகள் கறுத்து வார்னிஷ் எரிந்த நாற்றம் அடித்தாலும் அது கெட்ட செய்தி. வெறும் வரிப்பள்ளம் மட்டும் விழுந்திருந்தால் பயம் வேண்டாம். லேத்தில் மெல்லியதாகச் சீவி, பட்டைகளுக்கு நடுவே இருக்கும் இன்சுலேஷனைச் செம்புக்குச் சற்றுக் கீழே இறக்கிவிட்டால் மறுபடி ஓடும்.

மல்டிமீட்டர் இருந்தால் மிகக் குறைந்த ஓம் அளவில் வைத்து, பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளாகச் சுற்றிவரத் தொட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் கூடுதலாகக் காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. எந்தப் பட்டைக்கும் தண்டுக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் அந்த மெஷினைத் தொடவே கூடாது. ஒரு சுற்றுக்குள் ஏற்பட்ட சின்ன ஷார்ட் சாதாரண மீட்டரில் அகப்படாது. அந்த எதிர்ப்பே அத்தனை குறைவு. காயில் கட்டுகிறவர்களிடம், அதாவது பழைய கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருகிறவர்களிடம், குரோலர் என்ற சோதனைக் கருவி இருக்கும். ஆர்மேச்சரை அதன் மேல் வைத்து, ஹாக்சா பிளேடை மேலே பிடித்துச் சுற்றுவார்கள். ஷார்ட் ஆன இடம் வரும்போது பிளேடு அதிர்ந்து கடகடக்கும். என் டிரில்லின் ஆர்மேச்சரை வைத்துப் பிளேடு அதிர்ந்தபோது, "பிரஷ்ஷுல ஒண்ணும் இல்ல தம்பி, இதான் உங்க ஆளு" என்றார் காயில் கட்டுகிறவர். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சரி, ஆர்மேச்சர் போய்விட்டது என்று உறுதியாகிவிட்டால் நான்கு வழிகள் இருக்கின்றன: கம்பெனி ஆர்மேச்சர், வெளியில் கிடைக்கும் அதே அளவு ஆர்மேச்சர், பழையதிலேயே காயில் கட்டுவது, புது மெஷின்.

காயில் கட்டுவதைப் பற்றி என் கருத்து மெஷினின் அளவைப் பொறுத்து மாறும். இரும்பு அறுக்கும் 355 மி.மீ. கட்டர், கான்கிரீட் உடைக்கும் பெரிய ஹாமர், 180 மி.மீ. கிரைண்டர் போன்றவற்றுக்குத் தாராளமாகக் கட்டலாம். கம்பி தடிமன், வேலை செய்ய இடம் இருக்கும், புதுசின் விலையும் அதிகம். கையளவு கிரைண்டருக்கு நான் கட்ட மாட்டேன். அதன் டிஸ்க் நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது. கியர் வேகத்தைக் குறைத்த பிறகுதான் இந்த அளவு. உள்ளே ஆர்மேச்சர் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் கம்பி ஒரு பக்கம் கொஞ்சம் கனத்தாலும் அதிர்வு வரும், அதிர்வு பேரிங்கைத் தின்னும். பழைய கம்பியின் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை, வார்னிஷ், பேலன்ஸ் நாலும் சரியாக அமைந்தால்தான் உழைக்கும். ஃபீல்டு காயில் அப்படியில்லை. அது நகராமல் நிற்பது, அதனால் சின்ன மெஷினுக்கும் தைரியமாகக் கட்டலாம்.

வெளி ஆர்மேச்சர் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். நீளம், பேரிங் உட்காரும் இடம், பற்களின் எண்ணிக்கை, பற்களின் சாய்வு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். அப்புறம் இரண்டையும் இரண்டு கையிலும் தூக்கிப் பாருங்கள். புதுசு தெளிவாக இலேசாக இருந்தால் எங்கோ குறைத்திருக்கிறார்கள். செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றியவையும் வருகின்றன. எப்போதாவது வீட்டுக்குத் துளை போடுகிறவருக்கு அதுவே போதும். நாள் முழுக்க ஓட்டுகிறவருக்குக் கம்பெனி ஆர்மேச்சர்தான்.

கணக்கு எப்படிப் போடுவது? ஆர்மேச்சர் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அதோடு இரண்டு பேரிங், ஒரு ஜோடி பிரஷ், கிரீஸ், கூலி எல்லாம் சேரும். திறந்த பிறகு அவற்றைப் பழையதாகவே விட்டுப் பூட்டுவது வீண். இந்த மொத்தம், புதுசின் விலையில் பாதிக்குள் இருந்தால் நான் பழுது பார்ப்பேன். பாதியைத் தாண்டினால் யோசிப்பேன். ஆனால் எந்தப் புதுசின் விலை என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். தொழிலுக்கென்று செய்த கனமான மெஷினின் பழுதுச் செலவை, கடையில் இருப்பதிலேயே மலிவான மெஷினின் விலையோடு ஒப்பிட்டு, 'இந்தக் காசுக்குப் புதுசே வந்துவிடுமே' என்கிறார்கள். வரும், ஆனால் பழைய மெஷினின் உலோகக் கியர் பெட்டியும் நல்ல பேரிங்கும் அதில் வராது. அதே தரத்துப் புதுசோடு ஒப்பிடுங்கள். அப்படிச் செய்தால் விடை பல சமயம் தலைகீழாக மாறும்.

மலிவு மெஷினுக்கு நேர் எதிரான கணக்கு. ஸ்பேரே கிடைக்காதது, திருகே இல்லாமல் ஒட்டி மூடியது, பேரிங்குக்குப் பதில் குண்டுகள் இல்லாத வெறும் புஷ் வளையம் போட்டது இவற்றில் ஆர்மேச்சர் போனால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிட வேண்டியதுதான். பிரஷ்ஷையும் ஒயரையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவதாக இன்னொரு வழியும் இருக்கிறது, ஒரே மாடலை இரண்டு மூன்று வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். அதே மாடலில் ஓடாத பழைய மெஷின் ஒன்றை வாங்கி ஸ்பேருக்காக வைத்துக்கொள்வது. ஒன்றின் ஆர்மேச்சரும் இன்னொன்றின் கியரும் சேர்ந்து ஒரு நல்ல மெஷினாகிவிடும். எது போனதால் நின்றது என்று விற்பவரிடம் கேட்டு, திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பேட்டரி மெஷின் தனிக் கணக்கு

பேட்டரி டிரில்லில் முதலில் சாவது பெரும்பாலும் மெஷின் இல்லை, பேட்டரி. ஆகவே இரண்டையும் பிரித்தே யோசிக்க வேண்டும். 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் லித்தியம் செல்கள் ஐந்து வரிசையாக இணைந்திருக்கும். பெரிய பேட்டரியில் அதே மாதிரி இரண்டு வரிசை. 20 வோல்ட் என்று எழுதியிருப்பதும் பெரும்பாலும் இதே ஐந்து செல்தான், முழு சார்ஜில் உள்ள அளவை எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்து வலுவானது என்று மாற வேண்டியதில்லை.

செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவர்கள் உண்டு. செலவு குறைவுதான். நான் பரிந்துரைக்க மாட்டேன், சில நிபந்தனைகள் நிறைவேறினாலொழிய. ஐந்தும் ஒரே மாதிரிப் புதுச் செல்லாக, மெஷின் கேட்கும் பெரிய கரண்டைக் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். டார்ச்சுக்குப் போடும் செல் அளவில் அதே 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் இருந்தாலும் இதற்கு ஆகாது. ஸ்பாட் வெல்டிங்கில்தான் இணைக்க வேண்டும். செல் மேல் நேராகச் சால்டரிங் வைத்தால் சூட்டில் உள்ளே சேதமாகும். லித்தியம் செல் தீப்பிடித்தால் சுலபமாக அணைக்கிற சமாச்சாரம் இல்லை. இதை வீட்டில் செய்து பார்க்கவே பார்க்காதீர்கள். தவிர, சில பேட்டரிகளின் சர்க்யூட், ஒரு தடவை பழுது என்று பதிவு செய்துவிட்டால் நல்ல செல் போட்டாலும் திறக்காது.

மெஷின் நன்றாக இருந்து பேட்டரி மட்டும் போனால், புது பேட்டரியின் விலையை, அதே பேட்டரிகள் சேர்ந்து வரும் முழு செட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல சமயம் வித்தியாசம் ஆச்சரியப்படும் அளவுக்குச் சிறியது. மாறாக, மெஷின் போய் பேட்டரி நன்றாக இருந்தால், பேட்டரி இல்லாத வெறும் மெஷினாக வாங்குவது நல்ல வழி. கையில் அதே வரிசையில் மூன்று நான்கு மெஷின் இருப்பவர் பேட்டரி வரிசையை மாற்றக் கூடாது. மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றியதற்குச் சமம்.

பிரஷ்லெஸ் மெஷின்களில் பிரஷ்ஷும் இல்லை, கம்யூட்டேட்டரும் இல்லை. அதனால் மேலே சொன்ன பாதிப் பழுதுகள் அங்கே வராது. வருவது எலெக்ட்ரானிக் போர்டில். அதைத் தூசியும் ஈரமும் புகாமல் பிசினில் மூழ்கடித்திருப்பார்கள், ஆகவே போர்டில் ஒரு பாகம் போனாலும் முழுசாகத்தான் மாற்ற வேண்டும். விலை வெறும் மெஷினை நெருங்கிவிடும். அங்கே புதுசுதான் பெரும்பாலும் சரி. பேரிங், துளைமுனையைக் கவ்வும் சக், கியர் போனால் மட்டும் பழுது பாருங்கள்.

கேள்வியே இல்லாமல் மாற்ற வேண்டியவை

கிரைண்டரின் கியர் பெட்டியில் விரிசல், டிஸ்க்கை மறைக்கும் பாதுகாப்பு மூடியான கார்டைப் பூட்டும் வளையம் உடைந்திருப்பது, சுவிட்சை விட்டாலும் நிற்காத பழக்கம் ஆகியவை இருந்து, அந்தப் பாகமும் கிடைக்காது என்றால் காசுக் கணக்கே வேண்டாம். டிஸ்க் முகத்துக்கு முன்னால் சுற்றுகிறது. அதே மாதிரி, சதுரத்துக்குள் சதுரம் அடையாளம் போட்ட மெஷின்கள் இரட்டை இன்சுலேஷன் கொண்டவை. அவற்றுக்கு எர்த் ஒயரே கிடையாது, இரண்டு ஒயர்தான் வரும். பிளாஸ்டிக் கூடும் உள்ளே இருக்கும் தடுப்புகளுமே நம்மைக் காக்கின்றன. அந்தக் கூட்டில் உடைந்த இடத்தை இரும்புத் தகடும் திருகும் வைத்து இறுக்கி ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். உயிரோடு விளையாடுவது அது. மோட்டார் வரை பிரித்த எந்த மெஷினையும், திரும்ப வாங்கும்போது மெகர் என்ற இன்சுலேஷன் மீட்டரை வைத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். தண்ணீரில் முழுகி எழுந்ததை முழுக்கப் பிரித்து உலர்த்திச் சோதிக்காமல் பிளக்கில் போடாதீர்கள்.

வேலை மாறியிருந்தாலும் புதுசு நியாயம்தான். எப்போதாவது ஒரு துளை போட வாங்கிய டிரில்லை இப்போது தினமும் கான்கிரீட்டில் ஓட்டுகிறீர்கள் என்றால் அதன் ஆர்மேச்சர் மறுபடி மறுபடி எரியும். அங்கே பழுது மெஷினில் இல்லை, தேர்வில் இருக்கிறது. எரிந்த காரணம் அதுவாக இல்லாவிட்டால், எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பாருங்கள். மெல்லிய ஒயரை நீளமாக இழுத்தால் வோல்டேஜ் குறையும், மெஷின் மெதுவாகும், அதோடு உள்ளே இருக்கும் விசிறியும் மெதுவாகும். நாம் இன்னும் அழுத்துவோம், சூடு வெளியேற வழியிருக்காது. அந்த ஒயரை மாற்றாமல் ஆர்மேச்சரை மாற்றினால் அடுத்ததும் எரியும். கடுமையாக வெட்டிய பிறகு உடனே நிறுத்தாமல் அரை நிமிஷம் சும்மா ஓடவிட்டாலே அந்தக் காற்றில் காயில் நன்றாக ஆறிவிடும்.

கடையில் கொடுத்துப் பழுது பார்த்தால், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பேரிங்கைக் கையில் எடுத்துச் சுற்றிப் பாருங்கள், பிரஷ்ஷை அளந்து பாருங்கள், ஆர்மேச்சரின் பட்டைகளைப் பாருங்கள். அந்த மூன்றையும் ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டால், அடுத்த மெஷின் நிற்கும்போது எதைத் திறக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.